கண்ணாடியில் நின்ற கை

எங்கள் வீட்டில் ஒரு கார் இருக்கிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா கார்?" என்று கேட்பார்கள். 1966-ஆம் வருஷத்து மார்க் 2 அம்பாஸடர். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் இளையது. ஆனால் மரியாதையில் எனக்கு ரொம்ப மூத்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் முதலில் அதை விசாரித்துவிட்டுத்தான் என்னை விசாரிப்பார்கள்!

என் மாமனார் திருச்சி பெரிய கடை வீதியில் இரும்புக் கடை வைத்திருந்தவர். புது அம்பாஸடர் வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. அவர் காத்திருக்கவில்லை. டாக்டர் ஒருவர் நாலு வருஷம் ஓட்டிய வண்டியை 1970-ல் வாங்கினார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை மாதிரியாக வைத்து, வங்காளத்து உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி. அந்தத் தொழிற்சாலையில் 2014-ஆம் வருஷம் அம்பாஸடர் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் வீட்டு அம்பாஸடர் நிற்கவில்லை.

மாமனார் காலமான பிறகு என் கணவர் ஓட்டினார். அவருக்குக் கண்ணில் விழித்திரைக் கோளாறு வந்து, டாக்டர் "இனிமேல் ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து சாரதி உத்தியோகம் எனக்கு. நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பெல்லாம் இட்லி மாவோடு மாவாகக் கரைந்துவிட்டது என்று எண்ணியிருந்தேன். முழுவதும் கரையவில்லை என்பதைப் போன வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு மழைதான் எனக்குத் தெரிவித்தது.

அதற்கு முன்னால் அந்த ஸ்விட்ச் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்டிகளுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பிரேக், விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். வைப்பர் என்பது முன் கண்ணாடியில் மழைத் தண்ணீரை வழிக்கும் இரண்டு கைகள். அதைப் போடும் ஸ்விட்ச் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்துத் தேய்ந்து போயிருந்தது. அசல் ஸ்விட்ச் எங்கே கிடைக்கும்? ஊரிலிருந்த ஒரு பட்டறையில், கடையில் விற்கும் சாதாரண ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, டாஷ்போர்டில் துளை போட்டு மாட்டிக் கொடுத்தார்கள். போட்டால் ஓடியது. அணைத்தால் நின்றது. புதுப்பித்தலும் ஆயிற்று. அதற்கு மேல் யார் யோசிக்கப் போகிறார்கள்?

ஆனால் அது நின்ற இடம்தான் விநோதம். அணைத்த கணத்தில் கை எங்கே இருக்கிறதோ அங்கேயே நின்றுவிடும். சில சமயம் கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும். பல சமயம் நட்ட நடுவில், சரியாக என் மூக்குக்கு நேரே, கறுப்புக் கோடு கிழித்தது போல நிற்கும். மறுபடி போட்டு மறுபடி அணைத்து, அதைக் கீழே இறக்க ஒரு சாமர்த்தியம் வேண்டும். கோலத்தில் புள்ளி வைப்பது போல நேரம் பார்த்து அணைக்கப் பழகிக்கொண்டேன்.

எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, பிறந்த ஊர் கொடும்பாளூர். திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில், மயில்களும் முருகனும் வாழும் விராலிமலையைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் வரும். வானதி பிறந்த ஊர் என்றால் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அத்தைக்கு எண்பத்து நாலு வயது. வருஷம் ஒரு முறையாவது தம்பி வீட்டுக்குப் போய் வர வேண்டும். அதுவும் இந்தக் காரிலேதான் போக வேண்டும். நாற்பது வருஷம் மாமாவுக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து போன பாதை அல்லவா?

அன்று மத்தியானம் புறப்பட வேண்டியவர்கள், விருந்தாளி வந்து தாமதமாகி, சாயங்காலம் புறப்பட்டோம். விராலிமலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முதலில் தூறல். ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாக ஓட்டினேன். பிறகு வானமே உடைந்தது போலக் கொட்டிற்று. விளக்குப் போடும் நேரம். நான்கு வழிச் சாலையில் லாரிகள் தண்ணீரை வாரி வாரி இறைத்துக்கொண்டு போயின.

திடீரென்று ரப்பர் கருகுவது போல ஒரு நெடி. "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். வைப்பர் நின்றுவிட்டது, வழக்கம்போல என் கண்ணுக்கு நேரே!

வேகத்தைக் குறைக்கப் பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அலற விட்டுக்கொண்டு, மயிரிழையில் ஒதுங்கி எங்களைக் கடந்து போனார். என் கணவர் பின் ஸீட்டிலிருந்து, "பிரேக் லைட் எரியலை போலிருக்கு. நீ நிறுத்தறது அவனுக்குத் தெரியவே இல்லை" என்றார். சிக்னல் விளக்கைப் போட்டேன்; அதுவும் எரியவில்லை. பெட்ரோல் முள் படுத்துவிட்டிருந்தது. நல்ல வேளையாக முன் விளக்குகள் மட்டும் எரிந்தன.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மடியில் இருந்த பலகாரப் பையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜன்னல் கண்ணாடியை இறக்கி, மழையில் வலது கையை நீட்டி, மெதுவாகப் போகிறேன் என்று அந்தக் கால முறைப்படி கை காட்டினேன். பிறகு மெல்ல மெல்ல ஓரம் கட்டி, ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினேன். கைகால் நடுக்கம் அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

டீக்கடையில் நின்ற பெரியவர் ஒருவர் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஃப்யூஸ் போயிருச்சும்மா. சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளைச் சுத்திப் போட்டா ஊருக்குப் போயிரலாம்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஃப்யூஸ் என்பது வீட்டுக் காவல்காரன் மாதிரி. "திருடன்!" என்று கூவி அவன் உயிரை விட்டிருக்கிறான். அந்த இடத்தில் பேசாத பொம்மையை நிறுத்திவிட்டால் திருடன் போய்விடுவானா? எங்கேயோ மின்சாரம் வழி தவறி ஓடுகிறது. ஜிகினாத் தாள் எரியாது. அதற்குப் பதிலாக உள்ளே ஓடும் ஒயர் எரியும். அப்புறம் கார் எரியும்.

டீ குடிக்க வந்திருந்த பையன் ஒருவன், "அம்மா, எந்த வீட்டுக்குப் போகணும்?" என்று கேட்டான். ஊரில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறானாம். "நீங்க முன்னாலே மெதுவாப் போங்க. நான் பின்னாலே பைக்கிலே சிக்னலைப் போட்டுக்கிட்டு வர்றேன்" என்றான். மழை சற்றுத் தணிந்ததும், துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையனின் மினுக்கு விளக்கு காவலாக வர, ஊருக்குள் போய்ச் சேர்ந்தோம்.

அன்று இரவு அத்தையின் தம்பி வீட்டில் (முறைக்கு எனக்குச் சித்தப்பா) சாப்பிட்டு முடித்ததும் பெங்களூரிலிருந்து என் மகன் டெலிபோனில் கூப்பிட்டான். விஷயத்தைக் கேட்டதும், "அம்மா, இதைத்தான் ஆறு மாசமாச் சொல்றேன். வித்துடுங்க. அப்பத்தாவை வெச்சுக்கிட்டு இந்த வண்டியிலே என்ன விளையாட்டு?" என்றான். என் கணவரும், "அவன் சொல்றதுதான் சரி. நாளைக்கு வாடகைக் காரிலே திரும்பிடலாம். இதை இங்கேயே யாருக்காவது கொடுத்துடலாம்" என்றார்.

எனக்கும் மறுத்துப் பேச வாய் வரவில்லை. லாரியின் ஹாரன் இன்னும் காதில் இருந்தது.

அத்தை தாழ்வாரத்தில் சுவரோரம் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை நிறுத்திவிட்டு, "ஏத்தா, ஒண்ணு கேக்கவா?" என்றார்.

"கேளுங்க அத்தை."

"உங்க மாமா ஓட்டறப்ப அதை அணைச்சா, அது உடனே நிக்காது. ஒரு தரம் மேலே போயிட்டு வந்து கீழே படுத்துக்கும். மாட்டை அவுத்து விட்டா தானே தொழுவத்திலே போயி நிக்குமே, அந்த மாதிரி. இப்ப மட்டும் ஏன் நடுவிலே நிக்குது?"

நான் அத்தையையே பார்த்தேன். நாற்பது வருஷம் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தவர். ஸ்டியரிங்கை ஒரு நாள் தொட்டதில்லை. வண்டியைப் பற்றி யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. பட்டறையில் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்!

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வாசல் மழையைக் கேட்டுக்கொண்டே பௌதிகத்தைத் தூசி தட்டினேன். அணைத்த பிறகும் மோட்டார் சற்று நேரம் ஓட வேண்டுமென்றால், கைக்கு எட்டும் ஸ்விட்சைத் தவிர இன்னொரு ஸ்விட்ச் மோட்டாருக்குள்ளேயே இருக்க வேண்டும். மனிதன் "போதும்" என்று சொன்ன பின்பும், "இன்னும் வீடு வந்து சேரவில்லை" என்று கொஞ்சம் ஓட விட்டு, கைகள் கீழே வந்ததும் நிறுத்துகிற ஸ்விட்ச். அப்படியானால் மோட்டாருக்கு இரண்டு ஒயர் போதாது, மூன்று வேண்டும்.

காலையில் வானம் வெளுத்திருந்தது. காயில் கட்டும் தம்பி கடை திறக்கும் வரைக்கும் நானும் அவரும் மூவர் கோயில் பக்கம் நடந்தோம். பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேள் தலைவன், தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயராலும் மூன்று கோயில்கள் கட்டினான் என்று அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும் மறையோன், பாதை மூன்றாகப் பிரியும் என்று சொல்வதும் இந்த ஊரில்தான். "மூணு கோயில், மூணு வழி, நீ ராத்திரி முழுக்கப் புலம்பின மூணு ஒயர். ஊர் ராசியா?" என்று அவர் சிரித்தார். முந்தைய நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தம்பி கருவிப் பையோடு வந்து சேர்ந்தான். பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்த சோதனை விளக்கு ஒன்றும் கொண்டு வந்தான். நான் முதல் காரியமாகக் கை வளையல்களைக் கழற்றிச் சித்தியிடம் கொடுத்தேன். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன். சகோதரிகள் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். கார் பாட்டரியின் மின்சாரம் தொட்டால் ஷாக் அடிக்காதுதான். ஆனால் அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு வளையல் பட்டுவிட்டால், வளையல் நொடியில் பழுக்கக் காய்ந்து தோலைச் சுட்டுவிடும். ஒயரை வெட்டி ஒட்டும் முன்பு பாட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடுவதும், சோதனை பார்க்க மட்டும் மாட்டிக்கொள்வதும் நல்ல பழக்கம்.

பானெட்டைத் திறந்து வைப்பர் மோட்டாரைப் பார்த்தோம். ஆகா, மூன்று ஒயர்கள்! ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு, ஒன்று கறுப்பில் பச்சைக் கோடு போட்டது. நிறம் மங்கியிருந்ததால் விளக்கை வைத்தே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பச்சை, சாவியைத் திருப்பினால் ஃப்யூஸ் வழியாக மின்சாரம் கொண்டுவர வேண்டியது. கறுப்பு, வண்டியின் உடம்போடு சேர்வது, அதாவது எர்த். கோடு போட்டது, டாஷ்போர்டு ஸ்விட்சுக்குப் போக வேண்டியது.

போக வேண்டியது என்றுதான் சொல்ல முடிந்தது. ஏனென்றால் அது போகவில்லை! பட்டறையில் அதைப் பாதியில் வெட்டி, எர்த் ஒயரோடு முறுக்கி, டேப் சுற்றி மூடிவிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாகப் பச்சை ஒயரை வெட்டி, ஸ்விட்சுக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்திருந்தார்கள்.

இப்போது முழுக் கதையும் புரிந்தது. பழைய ஏற்பாட்டில் மின்சாரம் எப்போதும் மோட்டாரின் வாசல் வரைக்கும் வந்து காத்திருக்கும். வெளியே போக வழி கிடைத்தால் மோட்டார் ஓடும். அந்த வழிக்கு இரண்டு கதவுகள். ஒன்று நாம் திறக்கும் ஸ்விட்ச். மற்றொன்று மோட்டாருக்குள் இருக்கும் தானியங்கிக் கதவு. நாம் நம் கதவைச் சாத்தினாலும், கைகள் கீழே வந்து சேரும் வரைக்கும் உள் கதவு திறந்தே இருக்கும். கைகள் படுத்ததும் அதுவும் சாத்திக்கொள்ளும், மோட்டார் நிற்கும். பட்டறைக்காரர் வெளியே போகும் வழியை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வரும் வழியில் கதவு வைத்துவிட்டார். வரும் மின்சாரத்தையே அறுத்துவிட்டால் உள் கதவு பாவம், என்ன செய்யும்? கை நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

ஃப்யூஸ் போன காரணமும் அங்கேயே கிடைத்தது. புது ஒயர் தகரத் துளை வழியாக உள்ளே போன இடத்தில் ரப்பர் வளையம் போடவில்லை. வண்டியின் அதிர்ச்சியில் தகர விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஒயரின் தோலை அறுத்து, அன்று மழையில் உள்ளே இருந்த செம்பு தகரத்தைத் தொட்டுவிட்டது. மின்சாரம் வந்து நிற்கும் ஒயர் அல்லவா? தொட்டதும் ஃப்யூஸ் போயிற்று. எங்கள் வண்டியில் மொத்தமே இரண்டு ஃப்யூஸ். வைப்பர், பிரேக் லைட், சிக்னல், பெட்ரோல் முள் நாலும் ஒரே ஃப்யூஸில் குடியிருப்பவை. ஒன்றுக்காக நாலும் போயின. கோடு போட்ட ஒயர் வழியாகவே ஸ்விட்ச் போட்டிருந்தால், அது தகரத்தில் உரசினாலும் வைப்பர் தானாக ஓடத் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். ஃப்யூஸ் போயிருக்காது. பிரேக் லைட் அணைந்திருக்காது. லாரிக்காரருக்கு நாங்கள் நிற்பது தெரிந்திருக்கும்.

"புது ஸ்விட்ச் வாங்கணுமா, தம்பி?" என்று கேட்டேன்.

அவன் ஸ்விட்சைக் கையில் வாங்கி இரண்டு தரம் தட்டிப் பார்த்தான். "வேண்டாம்மா. ஸ்விட்ச் மேலே குத்தம் இல்லை. அதை உக்கார வெச்ச இடம்தான் தப்பு" என்றான்.

வேலை ஒரு மணி நேரம்தான். கருகிய ஒயரை முழுதும் எடுத்து எறிந்தோம். பச்சையைப் பழையபடி ஃப்யூஸிலிருந்து நேரே மோட்டாருக்குக் கொடுத்தோம். கோடு போட்ட ஒயரை எர்த்திலிருந்து பிரித்து, அதே கனத்தில் புது ஒயர் சேர்த்து, தகரத் துளையில் ரப்பர் வளையம் பொருத்தி, உள்ளே ஸ்விட்சின் ஒரு முனைக்குக் கொண்டு போனோம். ஸ்விட்சின் மற்றொரு முனையை, பெயிண்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில் வண்டியின் உடம்போடு திருகி வைத்தோம். ஒயரோடு ஒயர் சேரும் இடத்தில் முறுக்கி டேப் ஒட்டுகிற வேலையே வைத்துக்கொள்ளவில்லை. உலோகக் குழாயில் நுழைத்து இடுக்கியால் நசுக்கினோம். எந்த அளவு ஃப்யூஸ் இருந்ததோ அதே அளவு புதிது போட்டோம்.

பிறகு அத்தையை அழைத்து அவருடைய பழைய இடத்தில் உட்கார வைத்தோம். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டினால் ரப்பரும் கெடும், கண்ணாடியும் கீறும். அதனால் சித்தி ஒரு குடம் தண்ணீரோடு நின்று, அபிஷேகம் போலச் செம்பு செம்பாக ஊற்றினார். ஸ்விட்சைப் போட்டேன். இரண்டு கைகளும் ஒன்றாக எழுந்து வழித்தன. மேலே போய்க்கொண்டிருக்கும்போதே, வேண்டுமென்றே நடுவில், அணைத்தேன்.

நிற்கவில்லை! மேலே போயின, திரும்பின, கீழே வந்து அடக்கமாகப் படுத்துக்கொண்டன.

அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தான் சரி" என்றார்.

திருச்சிக்குத் திரும்பிய பிறகு இந்த வைப்பரைப் பற்றிப் படிக்க ஆவல் பிறந்தது. படித்தால், அதைக் கண்டுபிடித்ததே ஒரு பெண்! அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற அம்மாள். நியூயார்க்கில் பனி பெய்யும் நாளில் டிராம் வண்டியில் போனவர், ஓட்டுபவர் முன்னால் பார்க்க முடியாமல் திண்டாடுவதைக் கவனித்தார். உள்ளே உட்கார்ந்தபடியே கைப்பிடியால் இழுத்துத் துடைக்கும் ஒரு கருவிக்கு 1903-ல் பேடண்ட் வாங்கினார். அதை ஒரு கம்பெனியிடம் கொண்டு போனபோது வியாபாரத்துக்கு உதவாது என்று திருப்பிவிட்டார்கள். பேடண்டின் காலம் முடிந்த பிறகுதான் எல்லாக் கார்களுக்கும் வைப்பர் வந்தது. அந்த அம்மாளுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. கவனியுங்கள், அவரும் வண்டியை ஓட்டியவர் அல்ல, உட்கார்ந்து போனவர்தான். 1917-ல் சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற இன்னொரு பெண்மணி மின்சாரத்தால் இயங்கும் ஒன்றுக்குப் பேடண்ட் வாங்கினார். ஊமைப்பட நட்சத்திரம் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸின் தாயார் அவர்.

உங்கள் வீட்டிலும் பழைய கார் இருந்து, இதே போலக் கடை ஸ்விட்ச் மாட்ட நேர்ந்தால் ஒரு வார்த்தை. எங்கள் வண்டியில் இருப்பது ஒரே வேகத்தில் ஓடும் பழைய மோட்டார். பிற்பாடு வந்த வண்டிகளில் மெதுவான வேகம், விரைவான வேகம் என்று இரண்டு இருக்கும்; ஒயர்களும் ஐந்தாறு இருக்கும். அவற்றுக்கு வெறும் "போடு, அணை" ஸ்விட்ச் போதாது. அணைத்த நிலையிலும், மெதுவான வேகத்து ஒயரை மோட்டாரின் உள் ஸ்விட்சிலிருந்து வரும் ஒயரோடு சேர்த்து வைக்கிற ஸ்விட்சாகக் கேட்டு வாங்க வேண்டும். காந்தம் பொருத்திய அந்த மோட்டார்களில் கைகள் கீழே வந்ததும் உள் ஸ்விட்ச் மோட்டாரின் இரு முனைகளையும் ஒன்றாக்கிவிடும். சுழலும் மோட்டார் அந்தக் கணம் டைனமோவாகி, தன்னைத் தானே பிரேக் பிடித்து நின்றுவிடும். வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போகும்போது, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி, கை பாதி வழியில் இருக்கும்போது அணைத்துப் பாருங்கள். நடுவில் நின்றால் பணத்தை எண்ணாதீர்கள்.

காரை விற்கவில்லை. மகனுக்கு முழு விவரமும் சொன்னேன். "சரி, ஆனால் ராத்திரியிலே மழையிலே வேண்டாம்" என்றான். அது நியாயமான பேச்சு; ஒப்புக்கொண்டோம். இப்போதெல்லாம் காலை வெளிச்சத்தில்தான் புறப்படுகிறோம், விருந்தாளி வந்தாலும் சரி.

மாமனார் இந்தக் காருக்கென்று ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். எந்தத் தேதியில் எண்ணெய் மாற்றியது, எந்த டயர் எப்போது வாங்கியது எல்லாம் அவர் கையெழுத்தில் இருக்கும். அதன் கடைசிப் பக்கத்துக்குக் கீழே தேதி போட்டு, மூன்று ஒயர்களையும் படமாக வரைந்து, எது எங்கே போகிறது என்று எழுதினேன். அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்தை."

"அணைச்சா கீழே போயிப் படுத்துக்கணும்னு எழுதினியா?"

எழுதியிருக்கவில்லை. ஒயரின் நிறத்தைத்தான் எழுதியிருந்தேன். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அதையும் எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். அத்தை தலையை ஆட்டிவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் தேடி எழுந்து போனார்.